பொய்யை அளக்கும் குமிழ்

சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவி முன்னால் நிற்க வாய்த்தால், குளிக்கிற கூட்டத்தில் முண்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்து பாருங்கள். விழுகிற தண்ணீரில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை அங்கே இங்கே ஓட்டாமல் ஒரு நிமிடம் அதையே பாருங்கள். பிறகு சட்டென்று பக்கத்துப் பாறைக்குப் பார்வையை மாற்றுங்கள். பாறை மேலே ஏறும். இதில் விசேஷம், ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் இடம் மாறாது. அசைவு மட்டும் தனியாக வந்து பாறைமேல் உட்கார்ந்துகொண்டதுபோல் இருக்கும். சில விநாடிகளில் கலைந்துவிடும். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் என்ற அருவியைப் பார்த்தபோது இதைக் கவனித்து எழுதினார். அதனால் ஆங்கிலத்தில் இதற்கு ‘அருவி மயக்கம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. காரணமும் ஓரளவு தெளிவாகத் தெரியும். மூளையில் கீழ்நோக்கிய அசைவைக் கவனிக்கும் நரம்பணுக்கள் தனி, மேல்நோக்கிய அசைவைக் கவனிப்பவை தனி. எதிரில் எதுவும் அசையாதபோது இரண்டு தரப்பும் ஒரே அளவில் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். தராசு நடுவில் நிற்கும். ஒரு நிமிடம் அருவியைப் பார்த்தால் கீழ்நோக்கிய தரப்பு களைத்துப்போகிறது. பாறைக்குத் திரும்பும்போது மேல்நோக்கிய தரப்பின் முனகல் ஓங்கி நிற்க, ‘மேலே போகிறது’ என்று தீர்ப்பு வருகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அருவியைப் பார்த்து, மறு கண்ணால் பாறையைப் பார்த்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆகவே களைப்பு கண்ணோடு நிற்பதில்லை. இரண்டு கண்ணின் சேதியும் கலக்கும் இடம்வரை போகிறது.

இவ்வளவு நல்ல விஷயத்தைக் குற்றாலம் இலவசமாகத் தருகிறது. ஆனால் ஆராய்ச்சி செய்ய அருவி உதவாது. ஆனியில் ஒரு வேகம், பங்குனியில் பாறையில் ஒழுகும் ஒரு கோடு. ‘அருவியின் வேகத்தைப் பாதியாக்கு, ஆனால் அகலத்தை மாற்றாதே’ என்று யாரிடம் சொல்ல முடியும்? தென்காசிப் பக்கத்துப் பண்பொழியில் உட்கார்ந்துகொண்டு காட்சிப்பிழைகளை உருவாக்கும் மென்பொருள்களைப் பற்றி எழுதக் காரணம் இதுதான். இந்த மென்பொருள்களை வேடிக்கைப் படம் வரையும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். படம் வரைவது அவற்றின் சின்ன வேலை. அவை செய்த பெரிய வேலை, பொய்த்தோற்றத்துக்கு ஒரு குமிழ் வைத்தது. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இருந்ததே, அதுபோல. குமிழ் வந்த பிறகுதான் ‘எனக்கு இப்படித் தெரிகிறது, உனக்கு?’ என்ற திண்ணைப் பேச்சு, ‘எனக்கு இவ்வளவு, உனக்கு எவ்வளவு?’ என்ற கேள்வியாக மாறியது. காட்சிப்பிழையைப் பற்றி நூறு வருடமாகத் தீராத சண்டைகள் பல, குமிழ் இல்லாததால் தீராதவை என்பது என் கட்சி.

முதலில் எது காட்சிப்பிழை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். செங்கோட்டை சாலையில் வெயில் நேரத்தில் தெரியும் கானல் நீர் இந்தக் கணக்கில் வராது. அது காற்றில் ஒளி வளைவதால் வருவது, கேமராவிலும் விழும். கயிற்றைப் பாம்பு என்று மிரள்வதும் வேறு சங்கதி. கயிற்றரவு நம் தத்துவக்காரர்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும், அறிவு வந்ததும் மயக்கம் நீங்கும் என்பதுதான் அந்த உதாரணத்தின் உயிரே. ஆனால் 1889இல் முல்லர்-லையர் வெளியிட்ட படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலைபோல் உள்ளே மடங்கிய சிறகுகள், மற்றதில் வெளியே விரிந்த சிறகுகள். விரிந்தது நீளமாகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்து சமம் என்று நிச்சயம் செய்துகொண்டு மறுபடி பாருங்கள்: இன்னும் அது நீளமாகவே தெரியும். விளக்குக் கொண்டுவந்தும் பாம்பு போகவில்லை! இந்த வகைப் பிழை, அறியாமையால் வருவதல்ல. பார்க்கும் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருப்பது. சைவ சித்தாந்தம் காட்சியைப் பேசும்போது ஐயத்தையும் திரிபையும் கழித்துவிட்டுத்தான் அதை அறியும் கருவியாக ஒப்புக்கொள்ளும். அறியும் கருவிக்கு அது வைத்த பெயர் ‘அளவை’. நவீன ஆய்வாளர்கள் தலைகீழாக யோசித்தார்கள்: கழித்துப் போட்ட அந்தத் திரிபையே அளந்தால் என்ன?

திரிபை வேண்டுமென்றே செய்து காட்டும் கலை நமக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் ஒரே தலையை யானையும் காளையும் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம் இருக்கிறது. இந்தப் பக்கத்து உடலை மறைத்தால் யானை, அந்தப் பக்கத்தை மறைத்தால் காளை. மேற்கத்திய உளவியல் நூல்கள் கொண்டாடும் வாத்து-முயல் படம் ஜெர்மானியப் பத்திரிகை ஒன்றில் வந்தது 1892இல். யார் முதலில் என்ற பெருமைப் பேச்சுக்காக இதைச் சொல்லவில்லை, அந்தப் பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. சிற்பிக்குத் தெரிந்ததும் தெரியாததும் எது என்பதுதான் கேள்வி. எந்த வளைவு யானையுடையதாகவும் காளையுடையதாகவும் ஒரே நேரத்தில் நிற்கும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் யானைத்தன்மையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எத்தனை பேர் காளை என்பார்கள் என்று கேட்க அவரால் முடியாது. கல்லில் குமிழ் கிடையாது. தென்காசியைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளும் அப்படித்தான். அந்தி வெளிச்சத்தில் வெறும் கறுப்பு நிழலுருவாகத் தெரியும் காற்றாலை, கொஞ்ச நேரம் பார்த்தால் திடீரென்று திசை மாறிச் சுற்றும். 1860இல் சின்ஸ்டெடன் என்ற ஜெர்மானியர் பழைய காலத்துக் காற்றாடி ஆலைகளில் இதைக் குறித்துவைத்தார். நிழலுருவில் எந்த இறக்கை முன்னால், எது பின்னால் என்ற தகவல் இல்லை. மூளை ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிறகு மனத்தை மாற்றிக்கொள்கிறது. தகவல் எவ்வளவு இருந்தால் மனம் மாறாது என்பது நல்ல கேள்வி. காற்றாலையிடம் அதற்குப் பதில் இல்லை.

குமிழ் வைத்து அளக்கும் முயற்சி தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது 1901-02இல், நீலகிரியில். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் மருத்துவர் அங்கு வாழும் பழங்குடியினரான தோடர்களிடம் வந்தார். அவர் 1906இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ புத்தகம் மானிடவியலில் பெரிய பெயர். உறவுமுறை, பால்மாடச் சடங்கு என்று அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அதற்கு முந்தைய வருடம் உளவியல் இதழ் ஒன்றில் தோடர்களின் புலன்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையைத்தான் யாரும் தொடுவதில்லை. 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன குழுவிலும் அவர் இருந்தார்; அங்கே செய்த சோதனைகளை மலைக்குக் கொண்டுவந்தார். முல்லர்-லையர் படத்துக்கு அவர் பயன்படுத்தியது ஒரு நழுவு சட்டம். ஒரு கோடு மாறாமல் நிற்கும், இன்னொன்றை இழுத்து நீட்டலாம், குறைக்கலாம். ‘இப்போது சமம்’ என்று பார்ப்பவர் சொல்லும் இடத்தில் நிறுத்தி, உண்மையில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த வித்தியாசமே மயக்கத்தின் அளவு. கிடைத்த பதில் அன்றைய எதிர்பார்ப்புக்கு முரணானது. நாகரிகத்துக்கு வெளியே இருப்பவர்கள் எளிதில் ஏமாறுவார்கள் என்பது அக்கால ஐரோப்பிய எண்ணம். முல்லர்-லையர் படத்தில் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாக ஏமாந்தார்கள். செங்குத்துக் கோடு படுக்கைக் கோட்டைவிட நீளமாகத் தெரியும் இன்னொரு மயக்கம் உண்டு. நிற்கிற பனை, வெட்டிச் சாய்த்த பனையைவிட நெடிதாகத் தெரிவதுபோல. அதில் தோடர்கள் ஆங்கிலேயரைவிட அதிகம் ஏமாந்தார்கள். ஆக ‘ஏமாறும் மக்கள், ஏமாறாத மக்கள்’ என்ற பிரிவினை செல்லாது. ஒவ்வொரு மயக்கத்துக்கும் கணக்கு வேறு.

ஏன் இந்த வேறுபாடு? கோடுகளை மட்டும் கூர்ந்து கவனித்ததால் சிறகுகள் அவர்களைப் பாதிக்காமல் இருந்திருக்கலாம் என்பது ரிவர்ஸின் யூகம். சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல நாடுகளில் சுமார் 1900 பேரிடம் இதே படங்களைக் காட்டிச் சோதித்து 1966இல் புத்தகமாக்கினார்கள். அமெரிக்க நகரத்து ஆட்கள் அதிகம் ஏமாந்தார்கள், ஆப்பிரிக்காவின் வேட்டைச் சமூகத்தவர் மிகக் குறைவு. அவர்கள் சொன்ன காரணம் புகழ்பெற்றது: தச்சு வேலை நிறைந்த உலகம். சதுர அறை, நேர்ச்சுவர், மூலை என்று வளர்ந்த கண், சிறகு விரிந்த கோட்டை அறையின் தூரத்து மூலையாகவும் சிறகு மடங்கியதைக் கட்டடத்தின் பக்கத்து மூலையாகவும் எடுத்துக்கொள்கிறது. தூரத்தில் இருப்பது உண்மையில் பெரியதாக இருக்கும் என்று கூட்டிப் பார்க்கிறது. தோடர்களின் பாரம்பரிய வீடு படுக்கவைத்த அரைப் பீப்பாய் மாதிரி வளைந்த கூரையோடு இருப்பது. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. வீட்டின் வடிவம் மட்டுமா தோடருக்கும் லண்டன்காரருக்கும் வேறுபாடு? காகிதத்தில் வரைந்த கோட்டைப் பார்க்கும் பழக்கம், மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாக வந்த கேள்வி, வெள்ளைக்காரர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் கூச்சம் என்று எத்தனையோ இருக்கிறது. ரிவர்ஸின் சட்டத்தில் குமிழ் ஒன்றுதான்: கோட்டின் நீளம். சிறகின் கோணம் அவர் கொண்டுவந்த பலகையில் எப்படியோ அப்படியே. சிறகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, மயக்கம் எந்த இடத்தில் யாருக்குத் தொடங்குகிறது என்று பார்த்திருந்தால், கவனமா பழக்கமா கூச்சமா என்று பிரித்திருக்கலாம். சும்மா மரியாதைக்குப் பதில் சொல்கிறவர் சிறகு எப்படி இருந்தாலும் ஒன்றுபோல் சொல்வார். கண் மயங்குகிறவரின் பதில் கோணத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

அந்த இரண்டாவது குமிழைத்தான் மென்பொருள் கொண்டுவந்தது. 1997இல் டேவிட் பிரெய்னார்டும் டெனிஸ் பெல்லியும் வெளியிட்ட சைக்டூல்பாக்ஸ், பிறகு நாட்டிங்ஹாமில் ஜொனதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை ஆகியவை திரையில் எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில், எத்தனை மில்லிவிநாடி ஒரு உருவம் நிற்க வேண்டும் என்பதைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. அவை பொதுக் கருவிகள். சமையலறை மாதிரி, எதையும் சமைக்கலாம். காட்சிப்பிழைக்கென்றே எழுதப்பட்டது பைலூஷன். டொமினிக் மகோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் அதைப் பற்றி எழுதினார்கள். பைத்தான் மொழியில் இயங்கும் இலவச நிரல். அதில் முல்லர்-லையர் படம் கேட்டால் இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று, கோடுகளுக்கிடையே உண்மையில் எவ்வளவு வித்தியாசம்; இன்னொன்று, மயக்கத்தின் வலிமை, அதாவது சிறகு எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும். சுற்றி நிற்கும் வட்டங்களால் நடு வட்டம் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும் எபிங்ஹவுஸ் படத்தில், நடு வட்டங்களின் உண்மையான அளவு ஒரு எண், சுற்றி நிற்கும் வட்டங்களின் அளவு இன்னொன்று. தண்டவாளம்போல் கூடும் சாய்கோடுகளுக்கு நடுவே மேலுள்ள பட்டை பெரிதாகத் தெரியும் போன்சோ படத்தில், சாய்வின் கோணம் வலிமை. அழகு எங்கே என்றால், இரண்டாவது எண்ணுக்குக் கூட்டலும் உண்டு கழித்தலும் உண்டு. உண்மையிலேயே நீளமான கோட்டுக்கு விரிந்த சிறகு போட்டால் பொய் உண்மைக்கு ஒத்தாசை செய்கிறது. மடங்கிய சிறகு போட்டால் எதிர்த்து நிற்கிறது. எதிர்க்கும் பொய்யை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் பார்ப்பவரின் பதில் கவிழும். எந்த இடத்தில் கவிழ்ந்தது, கவிழ்வதற்கு முன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் தடுமாறினார் என்ற இரண்டும் அந்த ஆளின் கண்ணைப் பற்றிய தகவல்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, வெளியே தெரியாத லாபம். படத்தை முழுக்க எண்களாகச் சொல்லிவிட முடிகிறது. சிங்கப்பூரில் காட்டிய அதே படம் வேண்டும் என்றால் படத்தை அனுப்ப வேண்டாம், எண்களை அனுப்பினால் போதும். தென்காசியில் ஒரு மடிக்கணினி அதையே திரும்ப வரையும். பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால், ஆளுக்கொரு படம் வரைந்து வைத்துக்கொண்டு ‘எனக்கு வந்தது, உனக்கு ஏன் வரவில்லை’ என்று சண்டை போட்டிருப்பது தெரியும். சிறகின் நீளம் கோட்டில் எத்தனை பங்கு, கோட்டின் தடிமன் என்ன என்பதெல்லாம் மயக்கத்தை மாற்றும். அருவி மயக்கத்துக்கும் இதே கதை. அருவிக்குப் பதிலாகத் திரையில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். அவற்றில் எத்தனை விழுக்காடு ஒரே திசையில் கீழே இறங்க வேண்டும், மற்றவை கண்டபடி அலைய வேண்டும் என்று எண்ணால் சொல்லலாம். ஒரு நிமிடம் காட்டியபின், நிற்கிற புள்ளிகளைக் காட்டாமல் மெல்லக் கீழே நகரும் புள்ளிகளைக் காட்டுவார்கள். எந்த வேகத்தில் கீழே நகர்ந்தால் அவை ‘நிற்பதுபோல்’ தெரிகிறதோ, அதுதான் மயக்கத்தின் அளவு. பொய்யை உண்மையால் ஈடுகட்டி எடை போடுகிறார்கள். பேரருவிப் பாறையைக் கீழ்நோக்கி நகர்த்தி இதைச் செய்ய முடியாது.

இப்போது அந்தப் பழைய சண்டைக்கு வருகிறேன். பண்பாடா, பிறவியா? பார்வை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் பிறவியிலேயே கண்புரையால் பார்வையிழந்த இந்தியக் குழந்தைகளுக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்து, பார்வை வந்தபின் அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று ஆராய்வது. 2015இல் அந்தக் குழு 8 முதல் 16 வயதுவரையுள்ள 9 பிள்ளைகளைப் பற்றி எழுதியது. அறுவை சிகிச்சை முடிந்து பார்வை வந்த உடனேயே முல்லர்-லையர், போன்சோ இரண்டுக்கும் அவர்கள் மயங்கினார்கள். சதுர அறையையும் தண்டவாளத்தையும் கண்ணால் பார்த்தே இராத பிள்ளைகள்! இதையும், விலங்குகளிலும் முல்லர்-லையர் மயக்கம் காணப்படுவதையும் சேர்த்துவைத்து, பண்பாட்டுக் கதையைக் கைவிட வேண்டும் என்று டோர்சா அமீரும் சாஸ் ஃபயர்ஸ்டோனும் 2025இல் வாதிட்டார்கள். அதே சமயத்தில் இவான் குரூப்பின் குழு நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் வேறொரு படத்தைக் காட்டியது. கதவுப் பலகைபோல் செவ்வகங்கள் தெரியும் படம், அதற்குள் வட்டங்கள் ஒளிந்திருக்கும். பிரிட்டன், அமெரிக்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் செவ்வகம் முதலில் தெரிந்தது, கிராமத்து ஹிம்பாக்களுக்கு வட்டம். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன என்று நினைக்கிறேன். மயக்கம் வருவது பிறவி அமைப்பாகவும், எவ்வளவு வருகிறது என்பது வளர்ந்த சூழலாகவும் இருக்க எந்தத் தடையும் இல்லை. ‘வருகிறதா, இல்லையா’ என்று கேட்கும்வரை இரண்டு கட்சியும் கத்திக்கொண்டே இருக்கும். ‘எவ்வளவு’ என்று கேட்டால், பிறவி எந்த மட்டத்தைத் தருகிறது, சூழல் அதை எவ்வளவு ஏற்றி இறக்குகிறது என்று பங்கு பிரிக்கலாம்.

இப்படி அளப்பதற்கு முதல் ஆட்சேபம் திரை. ஆய்வகத்தில் ஒரே திரை, தாடையைத் தாங்கியில் வைத்து ஒரே தூரத்தில் பார்ப்பார்கள். இணையத்தில் விட்டால் ஒருவர் ஐந்தங்குலக் கைபேசியில் படுத்துக்கொண்டு பார்ப்பார், இன்னொருவர் டிவியில் பார்ப்பார். நியாயமான பயம், ஆனால் எல்லா மயக்கத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. முல்லர்-லையரில் இரண்டு கோடும் ஒரே திரையில் இருக்கின்றன. திரை பெரிதானால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும், விகிதம் கெடாது. சாம்பல் பட்டைகளின் வெளிச்சத்தை ஒப்பிடும் மயக்கங்களில்தான் திரைக்குத் திரை நிஜமான குளறுபடி வரும். அவற்றை ஆய்வகத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. தூரத்துக்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏடிஎம் கார்டு உலகம் முழுக்க 85.6 மில்லிமீட்டர் அகலம். அதைத் திரைமேல் வைத்து, தெரியும் சட்டத்தை அதன் அளவுக்கு இழுக்கச் சொன்னால் திரையின் அளவு கிடைத்துவிடும். பிறகு ஒரு கண்ணை மூடி, நகரும் புள்ளி எப்போது மறைகிறது என்று கேட்டால், கண்ணின் குருட்டுப் புள்ளியை வைத்து முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். 2020இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கண்ணின் குறையையே அளவுகோலாக்கிய இந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. கோட்டுப் படங்கள் வாழ்க்கையா? பண்பொழிக்கு மேற்கே மலை, கிழக்கே வயலும் சமவெளியும். பௌர்ணமியன்று கிழக்கே அடிவானத்தில் எழும் நிலா அண்டாவாகத் தெரியும். திருமலைக் கோயிலுக்கு மேலே உச்சிக்கு வந்ததும் சிறுத்துவிடும். இரண்டு இடத்திலும் அது கண்ணில் பிடிக்கும் இடம் ஏறத்தாழ அரை டிகிரிதான். இந்த மயக்கம் பதினான்கு அங்குலத் திரைக்குள் அடங்காதே? அடங்காதுதான். ஆனால் குமிழுக்குத் திரை கட்டாயமில்லை. 1962இல் காஃப்மனும் ராக்கும் பாதி ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் கண்ணாடி வழியே செயற்கை நிலாக்களை நிஜ வானத்தில் நிறுத்தி, அடிவானத்து நிலாவுக்குச் சமமாகத் தெரியும்வரை உச்சி நிலாவின் அளவை மாற்றினார்கள். அடிவானக் காட்சியை மறைத்தால் மயக்கம் குறைவதையும் காட்டினார்கள். எளிய படம் பெரிய உண்மையைக் காட்டும் என்பதற்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் வெளியிட்ட ஆய்வே சாட்சி. வட்டத்துக்குள் மேலே வெளிச்சம், கீழே இருட்டு என்று நிரப்பினால் அது மேடு, புரட்டினால் பள்ளம். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தென்காசிக் கோயில் கல்வெட்டை மேலிருந்து வெளிச்சம் விழும்போது படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், வெட்டிய எழுத்து புடைத்து நிற்கும். வாழ்க்கையில் இருப்பதை உரித்து உரித்து எலும்பை எடுத்ததுதான் அந்த வட்டம்.

மூன்றாவது ஆட்சேபத்தில் எனக்கே பாதி உடன்பாடு. பைலூஷன் எல்லா மயக்கத்துக்கும் ‘வலிமை’ என்று ஒரே பெயர் வைக்கிறது. ஒன்றில் அது கோணம், இன்னொன்றில் வட்டத்தின் அளவு. படியையும் முழத்தையும் ஒரே தராசில் நிறுத்துவதுபோல் ஆகிவிடாதா? ஒரு மயக்கத்தில் அதிகம் ஏமாறுகிறவர் மற்றதிலும் அதிகம் ஏமாறுவார் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று 2017இல் லூக்காஸ் கிரெச்கோவ்ஸ்கியும் ஹெர்ட்ஸோக் குழுவும் காட்டியிருந்தார்கள். 2023இல் மகோவ்ஸ்கி குழு பத்து மயக்கங்களைப் பைலூஷன் வழியே சோதித்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுவான மயங்கும் தன்மை இருக்கிறது என்றது. இரண்டாவது முடிவை அவசரப்பட்டு நம்ப மாட்டேன். ஒரே விளையாட்டு வடிவில் பத்தையும் கொடுத்தால் அவசரக்காரர் எல்லாவற்றிலும் அவசரப்படுவார், அதுவும் பொதுத்தன்மையாக வந்து நிற்கும். ஆனாலும் இந்த மறுப்பை நான் சொல்ல முடிவதற்கே காரணம், அவர்கள் எந்த எண்ணைக் கொடுத்து எந்தப் படத்தைக் காட்டினார்கள் என்பது திறந்து கிடப்பதுதான். நம்பாதவர் அதே படத்தை நிதானமாகக் காட்டி மறுபடி அளக்கலாம்.

படம் வரையச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு தகவல். 2024இல் டோமர் உல்மன் பார்வை கொண்ட மொழிமாதிரிகளிடம் காட்சிப்பிழை மாதிரியே இருக்கும், ஆனால் பிழை இல்லாத படங்களைக் காட்டினார். கண்கூடாகவே பெரிதும் சிறிதுமாக இருக்கும் வட்டங்களைக் காட்டினாலும், ‘இது காட்சிப்பிழை, உண்மையில் இரண்டும் சமம்’ என்று அடித்துச் சொன்ன மாதிரிகள் இருந்தன. புகழ்பெற்ற படங்களையும் அவற்றுக்கான விடையையும் மனப்பாடம் செய்த மாணவனின் பதில் அது. பார்த்ததா, படித்ததா என்று பிரித்தறிய, இதுவரை யாரும் வரையாத அளவுகளில் ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் உண்மை என்ன என்பது எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும். குமிழ் உள்ள நிரல் அதைச் சில நிமிடத்தில் வரைந்து தள்ளும்.

மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் மென்பொருள் எழுதுவது வெளியூர்ப் பிழைப்பு இல்லை. பைத்தான் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நிரல் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். நூற்றிருபது வருடத்துக்கு முன் நீலகிரியில் நம் மண்ணின் மக்கள் அளக்கப்பட்டார்கள். அளந்தவர் கடல் கடந்து வந்தார். இன்று அளப்பதும் இங்கேயே நடக்கலாம். மலையடிவாரக் காணிப் பழங்குடியினர் குடியிருப்பு, சமவெளி கிராமம், தென்காசி நகரத் தெரு என்று ஐம்பது கிலோமீட்டருக்குள் வெவ்வேறு சூழலில் வளர்ந்த கண்கள் இருக்கின்றன; அந்த மக்கள் விரும்பிச் சம்மதித்தால் போதும். பேசும் மொழி பெரும்பாலும் தமிழ்தான், நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கல்லூரி இயற்பியல் துறையோ கணினித் துறையோ ஒரு பருவத் திட்டப்பணியாகத் தொடங்கலாம். தொடங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். திரையில் கேள்வியைத் தமிழில் எழுதும்போது ‘எது நீளம்?’ என்று எழுதிவிடாதீர்கள். படித்த பிள்ளை விடை தெரிந்த தோரணையில் ‘இரண்டும் சமம்’ என்று சொல்லிவிடும். ‘எது நீளமாகத் தெரிகிறது?’ என்று கேளுங்கள்.